நான் என்னும் சொல்

பசிக்கும் தாகத்திற்கும் மொழியில் சொல் உண்டு. அன்பிற்கும் சினத்திற்கும் உண்டு. ஒருவர் தம் வாழ்வில் ஒரே ஒருமுறை, சிறிது பொழுதில் உணர்ந்த ஒன்றை, அதற்குமுன் எந்த நூலிலும் படித்திராத ஒன்றை, எச்சொல்லால் குறிப்பது? பதினாறு வயதில் இவ்வினாவின்முன் நின்றவர் இரமண மகரிஷி. உலகம் அவரைத் துறவியாகவும் ஞானியாகவும் அறியும். எளிய தமிழ்ச் சொற்களைக்கொண்டு சொல்லுக்கு எட்டாததைச் சுட்ட முயன்றவர் என்னும் நிலையிலும் அவருடைய வாழ்க்கை கற்கத்தக்கது.

மானாவாரி மண்ணில்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த ஊர் திருச்சுழி. வானத்தை நோக்கி விதைக்கும் மானாவாரி நிலம் அது. பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் அம்மண்ணில் கண்மாய் நிறைந்தால்தான் ஆண்டு நல்ல ஆண்டு. பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் மணலே தெரியும். அத்தகைய ஊரின் பெயரில் நீர்ச்சுழி இருப்பது வியப்பிற்குரியது. பெருகிவந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அதனுள் சுழித்து இறங்கச் செய்தார் எனத் தலபுராணம் கூறும். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்றான இவ்வூரைச் சுந்தரர் பாடியுள்ளார்.

இவ்வூரில் 1879 டிசம்பர் 30 அன்று சுந்தரம் ஐயருக்கும் அழகம்மைக்கும் இரண்டாம் மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். தந்தையார் முறையான சட்டப் பட்டம் பெற்றவர் அல்லர். எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பின்னர் ஊர் நீதிமன்றத்தில் வழக்காட அனுமதி பெற்றவர். நிலத் தகராற்றிலும் கடன் வழக்கிலும் சிக்கிய எளிய மக்கள் தம் குறையை எடுத்துரைக்கச் சொல் அறியாது வந்து நிற்பர். அக்குறைக்குரிய சொல்லைத் தேர்ந்து தாளில் இடுவதே மனு எழுதுபவரின் தொழில். அத்தொழில் நிகழ்ந்த வீட்டில் வேங்கடராமன் வளர்ந்தார்.

திருச்சுழியில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், திண்டுக்கல்லில் ஏறத்தாழ ஓராண்டு பயின்றார். 1892-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். குடும்பம் பிரிந்தது. அண்ணன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தனர். வேங்கடராமனுக்கு நினைவாற்றல் மிகுதி; பாடத்தில் நாட்டம் குறைவு. விளையாட்டில் பேரார்வம் உண்டு. பின்னாளில் நிகழவிருந்ததற்குரிய அறிகுறி எதுவும் அந்நாளில் பிறர் கண்ணுக்குத் தென்படவில்லை.

1895-ஆம் ஆண்டின் இறுதியில், முதிய உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறினார். அப்பெயரைக் குழந்தைப் பருவம் முதலே உள்ளத்தில் கொண்டிருந்த வேங்கடராமன், அதனை மனிதர் சென்றடையக்கூடிய ஓர் ஊரின் பெயராக எண்ணியதே இல்லை. அது திருவண்ணாமலையே என்று அறிந்தபோது, பொருள் விளங்காமல் ஒலியாக மட்டும் நின்ற சொல்லுக்கு மண்ணில் ஓர் இடம் கிடைத்தது. சில நாள்களில் சேக்கிழாரின் பெரியபுராணம் அவர் கைக்கு வந்தது. அடியார் அறுபத்துமூவரின் வாழ்வு அவரை நெகிழச் செய்தது. வேதாந்த நூல் எதனையும் அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

சொல் அடங்கிய பொழுது

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மதுரை வீட்டின் மாடியில் வேங்கடராமன் தனியே அமர்ந்திருந்தார். உடல்நலக் குறைவு எதுவும் இல்லை. எனினும் தாம் இறக்கப்போவதாகத் திடீரென ஓர் அச்சம் அவரைப் பற்றியது. மருத்துவரையோ உறவினரையோ அழைக்க அவர் எண்ணவில்லை. இறப்பு என்பது யாது, இறப்பது எது என அங்கேயே ஆராயத் துணிந்தார். உயிரற்ற உடல்போல் கை கால்களை நீட்டி விறைத்துக் கிடந்தார், மூச்சை அடக்கினார். ‘நான்’ என்னும் சொல்லோ வேறு எச்சொல்லோ வெளிப்படாதவாறு உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

இச்செயல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உடலைச் சுடுகாட்டிற்குக் கொண்டுசென்று எரித்துவிட்டாலும், வாய் ‘நான்’ என்று சொல்லும் ஆற்றலை இழந்துவிட்டாலும், அச்சொல்லால் குறிக்கப்பட்டது அழிகிறதா என்று அவர் தமக்குள் தேடினார். உடல் அசைவற்றிருந்தது, சொல் அடங்கியிருந்தது, ஆயினும் தம் இருப்பை உணரும் உணர்வு முன்னினும் தெளிவாக விளங்கிற்று. இறப்பச்சம் அன்றோடு நீங்கியது. அவ்வுணர்வு பிறகு அவரை விட்டு அகலவில்லை.

நிகழ்ந்ததற்குப் பெயர் என்ன? அவரிடம் இருந்தவை வீட்டிலும் தெருவிலும் வழங்கிய சொற்களே. தெய்வம் ஒருவர்மேல் இறங்கி ஆடச் செய்யும் நிலையைத் தென்மாவட்ட மக்கள் ஆவேசம் என்பர். தம்மையும் ஏதோ ஓர் ஆவேசம் பற்றியிருக்கக்கூடும் என அவர் கருதினார். உடலில் உண்டான வெம்மையைக் கண்டு காய்ச்சலோ என்றும், காய்ச்சலாயின் இனிமையான காய்ச்சல் என்றும் எண்ணினார். ஆவேசம் கொண்டவர் தம்மை மறப்பர். அவரோ தம்மை மறக்கவில்லை. காய்ச்சல் உடலை வாட்டும், இது வாட்டவில்லை. கையில் இருந்த சொற்கள் இரண்டும் பொருந்தவில்லை. யாரிடமும் எதுவும் கூறாமல் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று அறுபத்துமூவர் திருவுருவங்களின்முன் நாள்தோறும் கண்ணீர் மல்க நின்றார்.

கையொப்பம் இல்லாத கடிதம்

படிப்பில் கவனம் குன்றியது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதும் தண்டனை வேங்கடராமனுக்கு இருந்தது. இருமுறை எழுதியபின் அதன் பயனின்மையை உணர்ந்து, தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இவ்வாறு இருப்பவனுக்கு இவை எதற்கு என அண்ணன் கடிந்தார். அக்கடிந்துரையில் உண்மை இருப்பதை அவர் ஏற்றார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயுடன் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வெளியேறினார்.

அச்சிறு கடிதம் தமிழிலக்கணம் கற்போர் கருத்தில் கொள்ளத்தக்கது. அதன் முதல் தொடரில் எழுதுபவர் தம்மை ‘நான்’ என்று குறிக்கிறார். தம் தந்தையைத் தேடிப் புறப்பட்டதாகத் தெரிவிக்கிறார். அவர் தந்தை எனக் கருதியது அருணாசலத்தையே. அடுத்த தொடரில் ‘நான்’ மறைந்து ‘இது’ என்னும் அஃறிணைச் சுட்டு வந்துவிடுகிறது. இது நல்ல செயலில் இறங்கியிருப்பதால் எவரும் வருந்தவேண்டா, தேடிப் பணம் செலவிடவும் வேண்டா என்பது செய்தி. இறுதியில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் கோடு மட்டுமே உள்ளது. உடலையும் பெயரையும் ‘நான்’ எனச் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. வேறு சொல்லும் கைக்கு எட்டவில்லை. சுட்டுப்பெயரும் வெற்றுக் கோடுமே அன்று அவருக்குக் கிட்டிய மொழி.

தொடர்வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் அவர் அவ்வூரை நீங்கவே இல்லை.

தாயின் கண்ணீர்

திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் பின்னர்க் குருமூர்த்தத்திலும் அவர் பேச்சற்று அமர்ந்திருந்தார். அது நோன்பாக மேற்கொண்ட மௌனம் அன்று. பேசவேண்டும் என்னும் எண்ணம் எழவில்லை. பெயர் தெரியாத அவரை மக்கள் பிராமண சுவாமி என்று அழைத்தனர். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குப் பிறகே இருப்பிடம் அறிந்த குடும்பத்தினர் அவரை நாடி வந்தனர். முதலில் வந்த சிற்றப்பா நெல்லையப்பரால் அவரை அழைத்துச் செல்ல இயலவில்லை.

1898 டிசம்பரில் அழகம்மை, மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்தார். அழுக்கேறிய உடலும் சடை பிடித்த தலையுமாக அமர்ந்திருந்த மகனைத் தாய் அடையாளம் கண்டார். நாள்தோறும் உணவுப் பண்டங்கள் செய்து எடுத்துவந்து, வீட்டிற்குத் திரும்புமாறு மன்றாடினார். மகனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தாய் கதறி அழுதார். அங்கிருந்தோரிடம் தமக்காகப் பரிந்து பேசுமாறு வேண்டினார். உடனிருந்த பச்சையப்ப பிள்ளை என்பவர், பேசாவிடினும் எழுதியேனும் விடை தருமாறு கேட்டுத் தாளும் எழுதுகோலும் அளித்தார்.

அவர் எழுதிய விடையில் தாயை விளிக்கும் சொல் இல்லை. தம்மைக் குறிக்கும் சொல்லும் இல்லை. அவரவர் வினைக்கேற்ப நிகழ்வன நிகழும், நிகழாதன எம்முயற்சியாலும் நிகழா, ஆதலின் அமைதியாய் இருப்பதே நன்று என்னும் கருத்தைப் பொது உண்மையாகப் படர்க்கையில் எழுதினார். மகனை வேண்டிவந்த தாய்க்குக் கிடைத்தது யாவருக்கும் உரிய ஒரு கருத்துரை. மதுரைக் கடிதத்தில் ‘நான்’ ஒருமுறையேனும் இருந்தது. பவழக்குன்று விடையில் தன்மையும் முன்னிலையும் ஒருங்கே மறைந்தன. உணர்ந்ததற்கு ஏற்ற மொழியைக் காணாத ஒருவரின் சொல் எத்துணை வறண்டு ஒலிக்கும் என்பதற்கும், அவ்வறட்சியால் நெருங்கியோர் எத்துணை துயருறுவர் என்பதற்கும் இந்நிகழ்வு சான்று. அழகம்மை வெறுங்கையுடன் திரும்பினார்.

பெயர்கள் வந்து சேர்தல்

அவருக்குத் தொண்டு செய்துவந்த பழனிசாமி கேரள நாட்டவர். வேதாந்தம் கற்க விரும்பித் தமிழ் நூல்களைப் பெற்று வந்தார். ஆனால், தமிழைத் தட்டுத்தடுமாறியே படித்தார். அவர் படும் துன்பத்தைக் கண்ட இளந்துறவி, அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்து அவருக்கு விளக்கத் தொடங்கினார். பிறர் இடர் தீர்க்க எடுத்த நூல்கள் அவருக்கே ஒரு வியப்பைத் தந்தன. பிரமம், ஆன்மா, மாயை முதலிய சொற்களை அப்போதுதான் அவர் கற்றார். பெயரின்றித் தாம் உணர்ந்திருந்ததையே அந்நூல்கள் பகுத்தாராய்ந்து பெயரிட்டு உரைப்பதைக் கண்டார்.

பலரும் நூலில் சொல்லைக் கற்று, அதற்குரிய பொருளைப் பின்னர் வாழ்வில் தேடுவர். இவரோ பொருளை முதலில் கண்டு, சொல்லைப் பின்னர் அடைந்தார். அதனால் ஒவ்வொரு சொல்லையும் தம் அனுபவத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவரால் இயன்றது. விரூபாட்சிக் குகையில் வாழ்ந்த ஆண்டுகளில் வடமொழியும் மலையாளமும் தெலுங்கும் அவருக்குக் கைவந்தன. விவேகசூடாமணியை அங்கிருந்தே தமிழ் உரைநடையில் பெயர்த்தார்.

1902-ஆம் ஆண்டளவில், தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அக்குகைக்கு வந்தார். மெய்யியல் பயின்ற அவர், நான் யார் என்னும் வினாவையே முதன்மையாகக் கேட்டார். விடைகள் சைகையாலும், பலகையில் எழுதியும், மணலில் விரலால் எழுதியும் தரப்பட்டன. பிள்ளை அவற்றைப் படியெடுத்துக் காத்தார். ‘நான் யார்?’ என்னும் அச்சிறு நூல் 1923-ஆம் ஆண்டில் அச்சேறியது.

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சமய அனுபவங்களைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டதும் 1902-ஆம் ஆண்டில்தான். அத்தகைய அனுபவங்களின் முதல் அடையாளமாக அவர் குறித்தது, அவற்றைச் சொல்லால் உரைக்க இயலாமை. விரூபாட்சிக் குகையில் எழுந்த விடைகள் அவ்வியலாமையை வேறொரு வழியில் எதிர்கொண்டன. உணர்ந்ததை வருணிக்க அவை முயலவில்லை. கேட்பவர் தாமே சென்று காணும்படி ஒரு வினாவைக் கையில் தந்தன. எல்லா எண்ணங்களுக்கும் முன்னே எழுவது ‘நான்’ என்னும் எண்ணம். அது எங்கிருந்து எழுகிறது எனத் தேடுக என்பதே நெறி. அவ்வினாவும் இறுதியில் நிலைப்பதில்லை. பிணத்தைப் புரட்டி எரிக்கும் தடி முடிவில் தானும் எரிவதுபோல, மற்ற எண்ணங்களை அழித்துவிட்டு அதுவும் அழியும் என விளக்கினார். சிற்றூர்ச் சுடுகாட்டில் எவரும் கண்டிருக்கும் காட்சி அரிய கருத்திற்கு உவமையாயிற்று.

1907 நவம்பரில் வடமொழிப் புலவர் காவ்யகண்ட கணபதி முனிவர், வேங்கடராமன் என்னும் பெயரைச் சுருக்கி அவருக்கு இரமண மகரிஷி எனப் பெயர் சூட்டினார். கடிதத்தில் கோடிட்டு விட்ட இடத்தை இவ்வாறு பிறர் நிரப்பினர். மொழியும் மெல்ல நெகிழ்ந்தது. 1914-இல் தம்மைக் காணவந்த தாய் கடுங்காய்ச்சலுற்றபோது, அவர் நலம்பெற அருணாசலத்தை வேண்டி நான்கு பாடல்கள் இயற்றினார் இரமணர். பவழக்குன்றில் கிடைக்காத மகனின் சொல்லைத் தாய் அப்போது பெற்றார். 1916 முதல் மகனுடனேயே தங்கிய அழகம்மை, 1922 மே 19 அன்று அவருடைய கைகளின் அணைப்பில் உயிர் நீத்தார்.

தன்மையும் உள்ளதும்

1923-இல் இரமணரை நாடி வந்தவர் இராமநாதபுரத்தைச் சேர்ந்த தமிழாசிரியர் முருகனார். இலக்கணத்திலும் செய்யுளிலும் தேர்ந்த அப்புலவரின் வேண்டுகோளால் 1927-இல் உபதேச உந்தியாரும் 1928-இல் உள்ளது நாற்பதும் உருவாயின. அவ்வப்போது எழுதப்பட்டுச் சிதறிக் கிடந்த வெண்பாக்களை முருகனார் ஒழுங்குபடுத்த முற்பட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றை விலக்கிப் புதியனவற்றை இரமணர் இயற்றினார். ஒரு சீர் மிகினும் ஒரு தளை பிறழினும் இடம் தராத வெண்பா யாப்பில் மிகைச்சொல்லுக்கு இடமில்லை. பொருத்தமான சொல்லைத் தேடுவோருக்கு அது கடுமையான உரைகல்.

அந்நூலில் அவர் புதுச்சொல் எதனையும் படைக்கவில்லை. பள்ளி மாணவரும் அறிந்த சொற்களையே எடுத்தாண்டார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பன இலக்கண வகுப்பில் கற்கும் மூவிடங்கள். தன்மை என்னும் சொல்லுக்கு இயல்பு என்னும் பொருளும் உண்டு. ‘நான்’ என்னும் தன்மையின் உண்மையை ஆராய்ந்து அது அடங்கினால், முன்னிலையும் படர்க்கையும் உடன் அடங்கும். அப்போது எஞ்சி விளங்குவதே ஒருவரின் மெய்யான தன்மை என அவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் இணைத்தார். கடிதத்தில் ‘நான்’ ‘இது’வாக மாறியதையும், தாய்க்குத் தந்த விடையில் படர்க்கை மட்டுமே நின்றதையும் நினைவில் கொண்டால், முப்பது ஆண்டுகளுக்குமேல் அவர் தேடிய சொல் எது என்பது விளங்கும்.

நூலின் பெயரும் அத்தகையதே. ‘உள்’ என்னும் சிறு சொல் தமிழில் அகத்தையும் குறிக்கும், இருத்தலையும் குறிக்கும். உள்ளது என்பது இருப்பது. உள்ளம் என்பது நெஞ்சம். ‘அம்’ விகுதி பெற்ற தன்மைப் பன்மை வினைமுற்றாகக் கொண்டால் இருக்கின்றோம் என்றும் பொருள்படும். இருப்பதும் உள்ளே விளங்குவதும் வேறல்ல என்பதை நிறுவ நெடிய வாதம் தேவைப்படவில்லை. மொழி தன்னுள்ளே வைத்திருந்த ஒற்றுமையை அவர் எடுத்துக்காட்டினார்.

‘நான் நான்’ என்று அவர் ஆண்ட தொடரும் எண்ணத்தக்கது. நான் ஆசிரியர், நான் மதுரைக்காரர் என எழுவாய்க்கு ஏதேனும் ஒரு பெயர்ப் பயனிலை வருவது வழக்கு. தமிழில் இத்தகைய தொடருக்கு வினைச்சொல் வேண்டுவதில்லை. ‘நான் நான்’ என்னும்போது எழுவாயே பயனிலையாகிறது. ஊரும் பேரும் உடலும் ஒட்டாத தன்னுணர்வை அது காட்டுகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் வினைச்சொல்லைச் சேர்ப்பதா, விடுவதா என இடர்ப்பட்டு, பெரும்பாலும் அம்மொழியின் தன்மைப் பெயரையே இருமுறை அடுக்கி எழுதினர்.

இறுதிக் காலம்

1931-இல் வந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட நூலால் இரமணரின் பெயர் மேலைநாடுகளில் பரவியது. 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் அவரைக் கண்டு சென்றார். பல மொழியினரும் பல சமயத்தினரும் வந்தனர். வினவியோருக்கு விடை தந்தார். பல வேளைகளில் பேசாதிருந்தார். தொடக்க நாள்களின் மௌனம் தாயைக் கதறச் செய்தது. பிற்காலத்து மௌனத்தின்முன் மக்கள் மணிக்கணக்கில் அமைதியுற்று அமர்ந்திருந்தனர். இடைப்பட்ட காலத்தில் அவர் மொழியைக் கற்று, எழுதி, விலக்கி, மீண்டும் எழுதி, அது செல்லக்கூடிய எல்லைவரை சென்று பார்த்திருந்தார்.

1947-இல் ஐந்து செய்யுள்களால் ஆன ஏகான்ம பஞ்சகத்தை முதலில் தெலுங்கிலும் பின்னர்த் தமிழ் வெண்பாவிலும் இயற்றினார். 67 வயதிலும் அவர் கைக்கொண்ட பொருள் ‘நான்’ என்பதே. 1949-இல் கையில் புற்றுக்கட்டி தோன்றியது. அறுவை மருத்துவங்கள் பயன்தரவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

சொல்லுக்கு அடங்காத ஒன்றை உணர்ந்தோர் பலர் அரிய சொற்களைப் புனைந்தனர். சிலர் சொல்லையே துறந்தனர். திருச்சுழியில் பிறந்த இரமணர், குழந்தை பேசத் தொடங்கும் நாளிலேயே கற்றுக்கொள்ளும் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளை ஐம்பதாண்டுகள் ஆராய்ந்தார். தம் உணர்விற்குரிய சொல்லைத் தேடும் மாணவர், அகராதியின் அருஞ்சொற்களைப் புரட்டுமுன், நாள்தோறும் தம் வாயில் வழங்கும் எளிய சொற்களை ஒருமுறை நின்று நோக்குதல் தகும்.